பாடும் முகத்துவாரமும்

மீன்பிடி உரிமத்துக்கான விண்ணப்பப் படிவம் எந்தக் கரையில் அச்சடித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், படகின் நீளம், இன்ஜின் இருந்தால் அதன் குதிரைத்திறன், வலையின் வகை, கட்டிய தொகை. உரிமம் கொடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டங்கள் மனப்பாடம். ஆழ்கடலுக்குப் போகும் படகுக்கு இவை போதும் என்றே வைத்துக்கொள்வோம். காயலுக்கும் கழிமுகத்துக்கும் போதாது. ஒரு காயலின் மீன்பிடிப்பைத் தீர்மானிக்கும் கேள்விகள் இரண்டு. இன்று இரவு, எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பது ஒன்று. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பது மற்றொன்று. நம் படிவத்தில் இரண்டுக்கும் இடமில்லை. யார் என்று கேட்கிறோம். எங்கே, எப்போது என்று கேட்பதில்லை. தண்ணீரைப் பற்றியோ பேச்சே இல்லை. ஆளையும் படகையும் எண்ணி ஒரு காயலை நிர்வகிக்க முடியாது என்பதே இத்தனை நாள் இந்தத் தொழிலைப் பார்த்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. இடமும் முறையும் உரிமத்தில் எழுதப்பட வேண்டும். முகத்துவாரத்தின் பொறுப்பை உரிமம் கொடுப்பவரும் ஏற்க வேண்டும். இதற்கான சான்றுகள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்கிறேன். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தென்கோடி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளவாக்கில் கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போய் வலை கட்டிவிடலாம். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் உப்பேறும், மழை வந்தால் சீக்கிரம் உப்பிறங்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீர், சித்திரை, வைகாசியில் கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத் தெரிந்த உயிர்களே அங்கே வாழ்கின்றன: மடவை, கிழங்கான், கொடுவா, பால்கெண்டை, சேற்று நண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக இறால்.

ஏரியின் காசு இறாலில்தான் இருக்கிறது. வெள்ளை இறாலின் வாழ்க்கை இரண்டு வீட்டு வாழ்க்கை. தாய் இறால் கடலில் முட்டையிடும். விரல் நகத்தின் நீளம்கூட வராத, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் குஞ்சு, கடல்நீர் ஏறும் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். சேற்றிலும் பாசியிலும் சில மாதம் தின்று வளரும். விரல் நீளத்தைத் தொட்டதும், நீர் இறங்கும் வற்றத்தோடு, பெரும்பாலும் இருட்டில், வந்த வழியே கடலுக்குத் திரும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுப்பதால் அந்த இரவுகளில் இறாலின் நடமாட்டம் கூடும். ஆக, ஏரி முழுக்க இறால் இருந்தாலும் அது திரண்டு வரும் பாதை சில ஓடைகள்தான். முகத்துவாரத்தை ஒட்டிய அந்த ஓடைகளில் கழிகளை நட்டு வலை கட்டினால் ஓர் இரவில் கிடைப்பது, ஏரியின் உள்பகுதியில் ஒரு வாரம் அலைந்தாலும் கிடைக்காது. இந்த ஒரு சங்கதியைப் புரிந்துகொண்டால் காயல் நிர்வாகத்தில் பாதி புரிந்த மாதிரி. கடலில் மீன் நகரும், படகும் நகரும். அதனால் படகை எண்ணுவதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. காயலில் இறால் ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாக, குறிப்பிட்ட இரவில் வருகிறது. வாசலில் யார் நிற்பது என்பதே வழக்கு.

அந்த வழக்கைத் தீர்க்க, அரசு உரிமம் என்ற ஒன்று வருவதற்கு வெகு முன்பே, பழவேற்காட்டில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் கண்ட ஏற்பாடுதான் பாடு. பாடு என்றால் வலை கட்டும் இடம். அந்த இடத்தில் வலை கட்டும் முறையும் அதுவே. ஒருவருக்கு நிரந்தரமாக ஓர் ஓடையைக் கொடுப்பதில்லை. ஊருக்கு நாள், ஊருக்குள் குழு, குழுவுக்கு இடம் என்று அது இறங்கி வருகிறது. இன்று ஓர் ஊரின் முறை என்றால் நாளை அடுத்த ஊரின் முறை. ஊருக்குள் திருமணமான ஆண்கள் தலைக்கட்டுகளாகப் பதிவாகி, ஊருக்கான வரியைக் கட்டி, குழுக்களாகப் பிரிகிறார்கள். எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. சுருட்டிப் போட்ட காகிதத் துண்டு ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தின் பெயர் இருக்கும். எடுத்தவருக்கு அந்த இடம், அந்த முறைக்கு மட்டும். நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த சுற்றில் சுமாரான இடத்துக்குப் போகலாம். அங்கே கட்டுவதைச் சுத்து வலை என்கிறார்கள். வலை ஒருவர் கையால் கட்டக்கூடியது அல்ல. கழி நட, வலை விரிக்க, வற்றம் முடிந்ததும் தூக்க என்று ஆட்கள் வேண்டும். அதனாலேயே குழு. இந்த ஏற்பாட்டின் நுணுக்கத்தைப் பார்த்துத்தான் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991ல் பழவேற்காட்டின் மரபு வழி மீன்பிடி உரிமைகளைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வையே வெளியிட்டது.

பாட்டைச் சிலர் வெறும் பங்கீடாக, ஊர்ச் சமாதானத்துக்கான வழியாக மட்டும் பார்க்கிறார்கள். அது நிர்வாகமும்கூட. எந்த ஓர் இரவிலும் ஏரியின் வாசலில் இருக்கக்கூடிய வலைகளின் எண்ணிக்கைக்கு அது உச்சவரம்பு வைக்கிறது. இடங்கள் எண்ணிக்கையில் உறுதியானவை. தலைக்கட்டு கூடினாலும் வலை கூடாது, முறை வரும் இடைவெளிதான் கூடும். காவலும் அதற்குள்ளேயே இருக்கிறது. தன் முறை இல்லாத நாளில் ஒருவர் வலை கட்டினால் நஷ்டம் யாருக்கு என்பது அன்றைய முறைக்காரருக்குத் தெரியும். அவர் கண்ணைத் தப்பி யாரும் கழி நட முடியாது. நம் உரிமச் சீட்டுக்கு இப்படி ஒரு காவலாளி கிடையாது. மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு, இரவில், சேற்றில், படகு தரை தட்டும் தண்ணீரில் யாரைப் போய்ச் சோதிப்பது? உரிமம் பகலில் அலுவலகத்தில் கொடுக்கப்படுகிறது. மீன் இரவில் ஓடையில் பிடிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பாடு கடந்துவிட்டது, நாம் இன்னும் கடக்கவில்லை.

கடலுக்கென்று போட்ட விதியைக் காயலுக்கு இழுத்துப் பார்ப்பதன் பலவீனம் தடைக்காலத்தில் பளிச்சென்று தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடலில் மீன் முட்டையிடும் பருவத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஏரியின் காலண்டர் வேறு. ஏரியில் தொழில் ஓய்வது மழையில்லாத மாதங்களில், ஆற்று நீர் நின்று, மணல் சேர்ந்து, முகத்துவாரம் அடையும்போது. அது ஒரு வருடம் மாசியிலேயே அடையும், இன்னொரு வருடம் இழுத்துக்கொண்டு போகும். அரசாணையில் தேதி போட்டு அதைச் சொல்ல முடியாது. ஏரிக்காரருக்கு வேலையில்லாத நாட்களும், அரசு வேலையில்லாத நாட்களாக அங்கீகரிக்கும் நாட்களும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கின்றன.

முகத்துவாரம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் என்பதற்குச் சிலிக்காவைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஒடிசாவின் அந்தப் பெரிய காயல் மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரியும். 1981ல் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்த இந்தியாவின் முதல் ஈரநிலங்களில் ஒன்று. வண்டல் சேர்ந்து, கடல்வாய் வடக்கே நகர்ந்து நகர்ந்து குறுகி, உப்பு குறைந்து, களை மண்டி, 1993ல் ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களின் மான்ட்ரோ பதிவேட்டில் ஏறியது. ஆண்டு மீன்பிடிப்பு 2,000 டன்னுக்கும் கீழே போயிற்று. 2000 செப்டம்பரில், நெடுநாள் ஆய்வுக்குப் பிறகு, மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். இரண்டே ஆண்டில் பிடிப்பு 10,000 டன்னைத் தாண்டியது. 2002ல் மான்ட்ரோ பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியது; ராம்சார் விருதும் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் யாருடைய உரிமத்தையும் குறைத்தோ கூட்டியோ இந்த விளைவு வரவில்லை. அதே மீனவர்கள், அதே வலைகள். மாறியது தண்ணீரின் வழி. உரிமங்களைச் சீர்படுத்துவதால் கிடைக்கும் லாபத்தையும் முகத்துவாரத்தைச் சீர்படுத்துவதால் கிடைக்கும் லாபத்தையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு காயலில் உரிம நிர்வாகம் எவ்வளவு சிறப்பாக நடக்க முடியுமோ அவ்வளவு சிறப்பாக நடந்தும் தண்ணீர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். மர்ரே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலெக்ஸாண்ட்ரினா, ஆல்பர்ட் என்ற இரு ஏரிகளும் கூரோங் என்ற நீண்ட காயலும் சேர்ந்து ஒரே மீன்பிடிப் பகுதி. அங்கே உரிமங்கள் மொத்தம் 36. புதிதாக ஒருவர் வர வேண்டுமென்றால் இருப்பவரிடமிருந்து வாங்கித்தான் வர முடியும். பிடிப்பு, உழைப்பு இரண்டின் கணக்கும் 1984 முதல் உரிமதாரர்களிடமிருந்து தொடர்ந்து வருகிறது. 2008ல் நிலைத்த மீன்வளத்துக்கான எம்.எஸ்.சி. சான்றிதழும் பெற்றது. காகிதத்தில் இதைவிட ஒழுங்கான காயல் நிர்வாகம் அரிது. ஆனால் ஆற்றுக்குக் குறுக்கே 1940ல் கட்டி முடித்த ஐந்து தடுப்பணைகள் நன்னீரையும் உவர்நீரையும் பிரித்துவிட்டிருந்தன. மேலே பாசனத்துக்கு நீர் போனது. பிறகு நீண்ட வறட்சி. ஆறு கடலைத் தொடவே முடியாமல் முகத்துவாரம் அடைய, 2002 முதல் 2010 வரை இயந்திரம் வைத்து மணலை அள்ளி அள்ளி அதைத் திறந்து வைத்தார்கள். கூரோங்கின் தென்பகுதியில் உப்பு, கடல்நீரைப் போலப் பல மடங்கு ஏறியது. அந்த உப்பில் மீன் வாழாது. 36 உரிமதாரர்களும் விதியை மீறியதால் வந்த கேடு அன்று அது. உரிமம் கொடுக்கும் துறையின் கையில் இல்லாத மதகுகள் மூடியிருந்ததால் வந்த கேடு.

இதிலிருந்து ‘அப்படியானால் உரிமமே வேண்டாம், முகத்துவாரத்தைத் திறந்துவிட்டால் போதும்’ என்று ஒருவர் முடிவு கட்டலாம். அதுவும் தவறு, அதற்கும் சிலிக்காவே சாட்சி. அங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்து, மரபாக மீன் பிடித்துவந்த இடங்களை, 1991ல் ஒடிசா அரசின் கொள்கை, பிடிப்புக்கு ஒரு பகுதி, வளர்ப்புக்கு ஒரு பகுதி என்று பிரித்தது. இறால் விலை ஏறிய காலம் அது. வளர்ப்பு என்ற பெயரில் மூங்கிலும் வலையும் வைத்து ஏரிக்குள்ளேயே வேலி போட்டார்கள். கேரி என்பது அங்கத்திய பெயர். வேலி போட்டவர்களில் பலர் மீனவர்களே அல்லர். பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிக்கா, பழவேற்காடு இரண்டு ஏரிகளின் பெயரையும் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னும் வேலிகள் போகவில்லை. 1999 மே மாதம் வேலிகளைப் பிடுங்கிய மீனவர்களுக்கும் போலீஸுக்கும் மூண்ட மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு முகத்துவாரம் திறந்து மீன் பெருகியபோது, பெருகிய மீன் யார் வேலிக்குள் போகும் என்ற கேள்வி அப்படியே நின்றது. முகத்துவாரம் மீனைக் கொடுக்கும். அது யாருக்கு என்பதை முறைதான் சொல்லும். ஒன்றை விட்டு மற்றொன்று நிற்காது.

பாட்டை ஆதரித்துப் பேசும்போது எழும் மிகக் கனமான மறுப்பு சாதியைப் பற்றியது. அதைச் சுற்றி வளைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். பழவேற்காட்டில் பாடு பெறத் தகுதி என்பது பட்டினவர் ஊரில் பிறந்த, மணமான ஆணுக்கு உரியது. ஏரியை நம்பி வாழும் தலித் குடும்பங்களுக்கும் இருளர்களுக்கும் மற்றச் சமூகத்தாருக்கும் அந்தக் கதவு அடைத்தே இருந்தது. பெண்களுக்கு எந்தச் சமூகத்திலும் இல்லை. இருளர்களின் தொழிலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த அநீதியின் அளவு புரியும். வலை கிடையாது, படகு கிடையாது. மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் இடறும் இறாலைப் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுகிறார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். சிப்பியும் முள்ளும் விரல் நுனிகளைக் கிழிக்கும். ஏரியில் மிகக் குறைவாக எடுப்பவர்கள், ஏரிக்கு மிகக் குறைந்த சேதம் செய்பவர்கள் அவர்களே. மரபுப் பாட்டிலும் அவர்களுக்கு இடமில்லை, அரசின் படிவத்திலும் ‘வலையின் வகை’ என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. இறால் விலை ஏறியபின், பாடு இல்லாதவர்கள் பாடு கேட்டதும் மோதல்கள் வந்ததும் இயல்பு. யார் தடுத்திருந்தாலும் அது வந்திருக்கும்.

ஆனால் இந்த மறுப்பு அடிப்பது பாட்டின் வாசற்படியைத்தான், பாட்டின் உள்கட்டமைப்பை அல்ல. இடம் உறுதி, முறை சுழற்சி, சீட்டில் ஒதுக்கீடு, அண்டை வீட்டார் காவல் ஆகிய நான்கும் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. யார் உறுப்பினர் என்ற விதியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள்ள முடியும். இதை ஊர்க்கூட்டம் தானாகச் செய்யாது. தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்ளும்படி எந்தச் சபையையும் கேட்பது வீண். இங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. மரபை ஒதுக்கிவிட்டுத் தன் சீட்டை நீட்டாமல், மரபையே உரிமமாகப் பதிந்து, பதியும்போது உறுப்பினர் தகுதியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு மட்டுமே உண்டு. இது நடக்காத காரியமல்ல. இலங்கையில் நீர்கொழும்புக் காயலில் நம் சுத்து வலைக்கு இணையான ஒரு வலையைக் ‘கட்டுதெல்’ என்கிறார்கள். அங்கேயும் முகத்துவார ஓடைகளில், வற்ற நீரில் கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிக்கிறார்கள். அங்கேயும் சீட்டு, அங்கேயும் முறை. நான்கு மீனவர் சங்கங்கள் முறையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1958லேயே அந்த அரசு கட்டுதெல்லுக்கென்று தனி ஒழுங்குவிதி போட்டு, ஊர் வழக்கத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. சங்கத்தில் சேரும் தகுதி அங்கேயும் பிறப்போடும் ஊரோடும் கட்டுண்டது. அந்தக் குறையைச் சட்டம் நீக்கவில்லை, காப்பாற்றிவிட்டது. நாம் பதிந்தால் அந்தப் பிழையைச் செய்யாமல் பதிய வேண்டும். இருளர்களுக்கு வலை முறை தேவையில்லை. கைத்தடவலுக்கென்று ஆழம் குறைந்த கரையோரங்களை ஒதுக்கி, அங்கே வலை இழுப்பதைத் தடுத்து, அதையே அவர்களின் உரிமமாகக் குடும்பத்தின் பெயரில், பெண்களின் பெயரையும் சேர்த்து எழுதலாம்.

அடுத்த மறுப்பு கணக்கைப் பற்றியது. உறுப்பினர் கூடினால் முறை எப்போதாவதுதான் வரும், அதை வைத்து யார் பிழைப்பது? ஒரு கணக்குக்காக, ஓரிடத்தில் 30 பாட்டு இடங்களும் 300 குழுக்களும் இருந்து, ஓர் இரவில் இடத்துக்கு ஒரு குழு வலை கட்டுவதாகக் கொண்டால், பத்து நாளைக்கு ஒருமுறை முறை வரும். குழு 600 ஆனால் இருபது நாள். உண்மைதான், வருமானம் பாதியாகும். பாட்டை ஒழித்துவிட்டுத் திறந்துவிட்டால் மட்டும் இறால் இரட்டிக்குமா என்பது நான் திருப்பிக் கேட்கும் கேள்வி. வாசலில் 30 வலை நிற்கும் இடத்தில் 600 வலை நின்றால், முன்னே நிற்பவருக்குக் கிடைக்கும், பின்னே நிற்பவருக்குச் சேறு கிடைக்கும்; எல்லாரும் வலைக்கண்ணைச் சிறிதாக்குவார்கள்; விரல் நீளம் வரவேண்டிய இறால் அதற்கு முன்பே பிடிபடும். திறந்துவிட்ட ஏரியில் ஏழைக்குப் பங்கு கிடைக்கும் என்பது கேட்க நன்றாயிருக்கிறது. நடப்பில், மோட்டாரும் நீள வலையும் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெறக்கூடியவருக்கே பங்கு போகும். முன்பணம் வாங்கியவர் இறாலை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். முறை சுருங்குவதற்கு மருந்து, முறைக்கு வெளியே இருக்கும் தொழில்களையும் இதேபோல் ஒழுங்குபடுத்துவது. நண்டுக்கு ஓர் இடம், மடவை வலைக்கு ஒரு காலம், முறையில்லாத நாட்களில் ஏரியின் உள்பகுதி. ஒரே வாசலில் எல்லாரையும் நிறுத்துவதால்தான் நெருக்கடி.

ஆட்களை எண்ணுவது சரியில்லை என்றால் மீனை எண்ணலாமே, இத்தனை டன் என்று வரம்பு வைத்து ஆளுக்கு இத்தனை கிலோ என்று பிரித்தால் என்ன என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. கூரோங்கின் கடலோர மணலில் எடுக்கும் பிப்பி என்ற மட்டிக்கு 2007 வாக்கில் இந்த ஏற்பாடு வந்து, நல்ல பலன் தந்திருக்கிறது. மட்டி இடம்பெயராது, இன்று எடுக்காமல் விட்டால் நாளை அங்கேயே இருக்கும், கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். இறாலின் கதை வேறு. ஆயுள் ஒன்றிரண்டு வருடம். அடுத்த வருட வரத்து இந்த வருட மழையையும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. இன்று பாட்டுக்காரர் விட்ட இறால் நாளை அவருக்குக் கிடைக்காது, வாசலைத் தாண்டிக் கடலில் இழுவைமடிக்காரருக்குக் கிடைக்கும். அதற்காக ஒன்றையும் விடக்கூடாது என்று சொல்லவில்லை. தாய் இறாலாகக் கொஞ்சமேனும் கடல் சேர வேண்டும். ஆனால் கிலோக் கணக்கு அந்த வேலையைச் செய்யாது. வாசலை முழுதாக அடைக்காமல் வலை கட்டுவதும், கண் அளவும்தான் செய்யும். இரண்டும் இடத்தைப் பற்றிய விதிகள். கூரோங்கில் உரிமத்தை விற்கலாம், வாங்கலாம் என்பதையும் நான் இங்கே கொண்டுவர விரும்பவில்லை. கடனில் இருப்பவர்கள் நிறைந்த ஒரு கரையில் விற்கக்கூடிய உரிமம் ஒரு மோசமான வருடத்தில் கைமாறிவிடும், திரும்பி வராது. தொழிலை விட்டவரின் முறை பொதுவுக்குத் திரும்பட்டும்; காத்திருப்பவருக்குப் போகட்டும்.

இதையெல்லாம் ஊரே பார்த்துக்கொள்ளட்டும், அரசு எதற்கு என்பவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அண்டை ஊர்க்காரர் முறை தவறினால் ஊர் தண்டிக்கும். ஏரிக்குக் குறுக்கே சாலை போட்டால் ஊர் என்ன செய்யும்? சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை அறுத்துக்கொண்டு போகும் சாலை நாட்டுக்குத் தேவையானதுதான். வடக்குப் பகுதியின் நீரோட்டத்தை அது சுருக்கிவிட்டது என்பதும் உண்மை. ஆரணி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதை மேலேயுள்ள அணைகளும் தடுப்பணைகளும் முடிவு செய்கின்றன. இந்தக் கரையில் கடலோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் அலைதடுப்புச் சுவர் கட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும், இன்னும் வடக்கே இருக்கும் முகத்துவாரத்தின் போக்கு மாறும். ஏரி இரண்டு மாநிலங்களுக்குச் சொந்தம், பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறைக்கும் சொந்தம், ஆறு நீர்வளத்துறைக்கு, மீன் மட்டும் மீன்வளத்துறைக்கு. எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் இத்தனை வாசல்களில் போய் நிற்க முடியாது. முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் கட்டி நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. அண்மையில்தான் அரசு அந்த வேலையைக் கையில் எடுத்தது. கற்சுவர் நின்றபின் தூர் வாரும் பொறுப்பு ஆண்டுதோறும் யாருடையது என்று எழுதி வைக்காவிட்டால் மணல் மறுபடி தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு துறை உரிமத்துக்குக் காசு வாங்குகிறது என்றால், மீன் வரும் வாசல் திறந்திருப்பதற்கு அந்தத் துறையே மற்றத் துறைகளிடம் வாதாடக் கடமைப்பட்டது. அந்தக் கடமை உரிமத்தின் பின்பக்கத்தில் அச்சாக வேண்டும்.

கணக்கெடுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் இதுதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. ஏரியில் இறால் கூடுகிறதா குறைகிறதா என்று அறிய, இறங்குதுறையில் வந்த மொத்த எடையைப் பார்க்கிறோம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எங்கே பிடித்தது என்று தெரியாத எடை அது. ஆள் கூடியதால் எடை கூடினால்கூட வளம் பெருகிவிட்டதாக அறிக்கை எழுதிவிடுவோம். பாட்டில் இந்தக் குழப்பமே இல்லை. ஒரே இடம், ஒரே வகை வலை, ஓர் இரவு. அமாவாசை வற்றத்தில் குறிப்பிட்ட ஓர் ஓடையில் இந்த வருடம் எத்தனை கிலோ, போன வருடம் அதே ஓடையில் எத்தனை கிலோ என்று எழுதி வந்தால், ஆய்வுக் கப்பல் வைத்தும் கிடைக்காத சுத்தமான அளவீடு அது. பாடு எழுதும் ஊர்க்கணக்கர் ஏற்கெனவே நாளையும் இடத்தையும் குழுவையும் எழுதுகிறார். எடையையும், நூறு கிராமுக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கையையும் சேர்த்தால் போதும். வியாபாரி விலை போடுவதே எண்ணிக்கையை வைத்துத்தான் என்பதால் அந்தக் கணக்கு கரையில் ஒவ்வொரு விடியற்காலையிலும் நடக்கிறது. அது எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான். இறாலின் சராசரி அளவு சிறுக்கத் தொடங்கினால் வலைக்கண்ணைப் பார்க்க வேண்டும். அளவு குறையாமல் எடை மட்டும் விழுந்தால் முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கோளாறு என்று பிரித்துச் சொல்லும் பதிவேடு கையில் இருந்தால், பழியை மீனவர் தலையில் போடுவதற்கு முன் யாரும் ஒருமுறை யோசிப்பார்கள்.

அதே பதிவேட்டில் இன்னும் இரண்டு தேதி வேண்டும்: முகத்துவாரம் அடைந்த நாள், திறந்த நாள். ஏரிக்காரருக்கான நிவாரணத்தை 61 நாள் தடைக்காலத்தோடு முடிச்சுப் போடாமல் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள நாட்களோடு இணைத்தால், பணம் தேவைப்படும் மாதத்தில் பணம் போய்ச் சேரும். தூர் வாருவதைத் தள்ளிப்போட்டால் நிவாரணம் ஏறும் என்பதால் மணல் அள்ளும் கோப்பும் வேகமாக நகரும். கைத்தடவல் செய்யும் குடும்பங்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். வாசல் அடைந்தால் அவர்கள் விரலுக்கும் இறால் கிடைப்பதில்லை. மணல்மேடு தண்ணீருக்கு மேலே தலைகாட்டி, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கால் நனையாமல் நடக்க முடிகிற நாள் எதுவென்று கரையில் எல்லாருக்கும் தெரியும். அந்த நாளைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரி யார் என்பதை மட்டும் அரசாணை சொல்ல வேண்டும்.